தென்பெண்ணைக் கரையில் கடற்காகமும் நீர்ப்பறவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் பைனாகுலரோடு நின்றால் பத்து நிமிடத்தில் யாராவது பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர், பரிசலைத் தோளில் சுமந்து வருபவர், பிள்ளைகளோடு பூங்காவுக்கு வந்த குடும்பம். எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். கூட வர ஆசைப்படும் நண்பர்களும் அவர்களின் பிள்ளைகளும் தொலைபேசியில் கேட்பதும் அதேதான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

சார், கிருஷ்ணகிரியில கடலே இல்லையே, கடற்காகம் எப்படி வரும்?

பெயரால் வரும் குழப்பம் இது. கடற்காகம் கடற்கரையில் கூட்டமாகத் தெரிவதால் அப்படிப் பெயர் வைத்துவிட்டோம். நம் நாட்டுக்குக் குளிர்காலத்தில் வரும் பழுப்புத்தலைக் கடற்காகம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது கடலோரத்தில் இல்லை. லடாக்கிலும் திபெத்திலும் மத்திய ஆசியாவிலும் உள்ள மலை ஏரிகளில்தான். லடாக்கின் சோ மொரிரி ஏரி சுமார் 4500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நம் ஊர் வரை நேர்கோட்டில் பார்த்தாலே 2000 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரமும் நிலத்தின் மேல் பறந்து வரும் பறவைக்கு வழியில் ஒரு பெரிய அணை கண்ணில் பட்டால் இறங்கி மீன் பிடிக்காமல் போகுமா?

அதே சமயம் ஆசையைக் கொஞ்சம் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கும் நமக்கும் இடையே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் நூற்றுக்கணக்கில் பார்க்கிற பறவை இங்கே ஒன்று, இரண்டு என்றுதான் வரும். சில வருடம் எனக்கு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. இங்கே அது அபூர்வம் என்பது அந்தக் கணக்கில்தான்.

எந்த மாசம் வந்தா நல்லா பார்க்கலாம்?

நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை. ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் ஜனவரி கடைசி வாரத்தைச் சொல்வேன். அதற்குள் வடக்கிலிருந்து வரும் வாத்துகள் வந்து சேர்ந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் மெல்ல இறங்க ஆரம்பித்திருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு விருந்தாளிகள் கிளம்பிவிடுவார்கள். ஆனால் ஆற்று ஆலா நம் ஊர்ப் பறவை. ஆலா என்பது தண்ணீர் மேல் பறந்து மீன் பிடிக்கும், கடற்காகம் போலத் தெரியும் ஒல்லியான பறவை. அதைப் பார்க்கக் கோடைதான் நல்ல காலம். அதற்குத் தனி எச்சரிக்கை இருக்கிறது, கீழே வரும்.

எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறது? ஒரே நாள்ல முடியுமா?

நான் வழக்கமாகப் போகும் வழி இது. விடியும்போது கே.ஆர்.பி. அணை, அதாவது மேலே சொன்ன கிருஷ்ணகிரி அணை. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போகும் வழியில் 7 கிலோமீட்டர். 1957இல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறந்தது. மார்க்கண்டேய நதியும் இந்த இடத்தில்தான் தென்பெண்ணையோடு சேர்கிறது. அணைக்கரைப் பக்கம் நின்றால் நீர்த்தேக்கம் நமக்கு வடமேற்கே விரிந்து கிடக்கும். காலை வெயில் முதுகில் அடிக்கும், பறவை மேல் நேராக விழும். நிறம் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒன்பதரை மணிக்கு மேல் ஆற்றோடு கீழே இறங்கி காவேரிப்பட்டணம். தண்ணீர் ஓடும் இடம், பாறை, மணல் திட்டு எல்லாம் அங்கே உண்டு. வாலாட்டிகள், உள்ளான்கள், மீன்கொத்திகள் எல்லாம் அந்தப் பகுதிக்கு உரியவை. மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மூன்றரைக்குப் பாரூர் ஏரி. ஏரிக்கரையில் உட்கார்ந்து, நாமக்கோழிகளும் நீலத் தாழைக்கோழிகளும் கோரைக்குள் ஒதுங்கும்வரை இருந்துவிட்டுக் கிளம்பலாம். ஒரு நாளுக்கு இது தாராளம். அவதானப்பட்டி ஏரி, ஓசூர் ராமநாயக்கன் ஏரி, கெலவரப்பள்ளி அணை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் சேர்த்தால் வண்டியிலேதான் நாள் போகும்.

பைனாகுலர் வாங்கியே ஆகணுமா?

முதல் தடவைக்கு வேண்டாம், யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பிடித்துப்போனால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலமுள்ளதை வாங்குங்கள். 10 மடங்கு இன்னும் பெரிதாகக் காட்டும்தான், ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். நீர்த்தேக்கத்தின் அக்கரையில் நிற்பதைப் பார்க்க ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) தேவைப்படும். அது குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும்.

பைனாகுலரைவிட முக்கியமாக ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

எத்தனை மணிக்கு வரணும்? எட்டு மணிக்கு வந்தா லேட்டா?

கொக்கு, நாரை, நீர்க்காகம் பார்க்க எட்டு மணி போதும். வாத்துகளுக்கு ஆறேகாலுக்கு வந்துவிடுங்கள். ராத்திரி முழுக்க வயலில் மேய்ந்துவிட்டு விடியும் நேரத்தில் அவை திரும்பும். தலைக்கு மேல் இறக்கைச் சத்தம் கேட்கும். ஜனவரியில் பனிமூட்டம் ஏழரை வரைகூட நிற்கும், அப்போது அவசரப்பட்டுப் பயனில்லை.

கடற்காகத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அது மீன் எடுக்கும் நேரத்தைப் பார்த்து வரும். பரிசல்காரர்கள் வலையை இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்து மீனைத் தரம் பிரிப்பார்கள் இல்லையா, அப்போது வானத்தைப் பாருங்கள்.

வெள்ளையா இருக்கிறதெல்லாம் கொக்குதானே?

தூரத்தில் அப்படித்தான் தெரியும். பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். கொக்கு கழுத்தை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு பறக்கும். அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை மூன்றும் கழுத்தை முன்னால் நீட்டிப் பறக்கும். எல்லாவற்றுக்கும் கால் வாலைத் தாண்டிப் பின்னால் நீளும். கடற்காகத்துக்கும் ஆலாவுக்கும் கால் குட்டை, பறக்கும்போது வெளியே தெரியாது.

உட்கார்ந்திருந்தால் அலகும் காலும். கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மாட்டுக்குப் பின்னால் திரியும் மஞ்சள் அலகுக்காரன் உண்ணிக் கொக்கு.

பாம்பு மாதிரி கழுத்தை மட்டும் தூக்கிட்டுத் தண்ணியில போகுதே, அது என்ன?

பாம்புத்தாரா. நீந்தும்போது உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், கழுத்தும் ஈட்டி போன்ற கூர் அலகும் மட்டும் வெளியே தெரியும். மீனைக் குத்தி எடுக்கும், பிறகு மேலே வந்து தூக்கிப் போட்டு விழுங்கும். நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கி போல் வளைந்திருக்கும், அது கவ்விப் பிடிக்கும். இரண்டும் முங்கிவிட்டு வந்து பாறையில் இறக்கையை விரித்துக் காயவைக்கும். இறகு நனைவதால்தான் அவற்றால் சுலபமாக ஆழத்துக்குப் போக முடிகிறது.

ஆலாவும் கடற்காகமும் ஒண்ணு மாதிரியே இருக்கே, எப்படிப் பிரிக்கிறது?

கடற்காகம் பார்த்தேன் என்று எனக்கு வரும் பத்துச் செய்தியில் எட்டு ஒன்பது மீசை ஆலாதான். ஆகவே இதை நிதானமாகச் சொல்கிறேன்.

ஆலா ஒல்லி. இறக்கை குறுகலாக, நீளமாக, நுனி கூராக இருக்கும். பறக்கும்போது தலையைக் கீழே சாய்த்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு போகும். வால் பிளந்திருக்கும், ஆற்று ஆலாவுக்கு நன்றாக ஆழமாக, மீசை ஆலாவுக்கு லேசாக. தண்ணீரில் ஆலா நீந்திக் கிடப்பது அரிது. குச்சியிலோ பாறையிலோ மணலிலோதான் உட்காரும். கடற்காகம் கட்டையான உடம்பு, அகன்ற இறக்கை, பிளவில்லாத வால். வாத்து மாதிரி தண்ணீரில் மிதக்கும், கரையில் காக்கை மாதிரி நடந்து பொறுக்கும். நீங்கள் பார்த்தது தண்ணீரில் உட்கார்ந்து மிதந்ததா என்றுதான் முதலில் கேட்பேன்.

ஆலாக்களுக்குள்ளே பிரிப்பது இன்னும் சுலபம். ஆற்று ஆலாவுக்கு மஞ்சள் அலகு, சிவப்புக் கால். மீன் கண்ணில் பட்டால் அந்தரத்தில் நின்று தலைகீழாகத் தண்ணீரில் பாயும். மீசை ஆலா சின்னது. குளிர்காலத்தில் கறுப்பு அலகும் கண்ணுக்குப் பின்னால் கறுப்புத் தீற்றலும் இருக்கும். தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் கொத்தி எடுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

கருந்தலை, பழுப்புத்தலைன்னு ரெண்டு கடற்காகம் சொல்றீங்க. குளிர்காலத்துல ரெண்டுக்கும் தலை வெள்ளைதானாமே? அப்புறம் எப்படி?

சரியான கேள்வி. தலை நிறம் இனப்பெருக்க காலத்துக்கான உடுப்பு. இங்கே வரும்போது இரண்டுக்கும் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சும். அதனால் தலையை விட்டுவிட்டு இறக்கை நுனியைப் பாருங்கள். வளர்ந்த பழுப்புத்தலைக்கு இறக்கை நுனி நன்றாகக் கறுப்பு, அந்தக் கறுப்புக்குள் சன்னல் வைத்தது போல் வெள்ளைப் பொட்டு. கருந்தலைக்கு இறக்கையின் முன் ஓரம் நுனி வரை வெள்ளையாக ஓடும், கறுப்பு பின்ஓரத்தில் மெல்லிய கோடு மட்டும். பழுப்புத்தலை ஒரு சுற்றுப் பெரியது, அலகும் தடிமன். கிட்டத்தில் பார்த்தால் அதன் கண் வெளிர் நிறம். கருந்தலையின் கண் கருமை.

முதல் குளிர்காலக் குஞ்சுகள்தான் குழப்பும். அவற்றுக்கு இறக்கையில் பழுப்பு கலந்திருக்கும், வால் நுனியில் கறுப்புப் பட்டை இருக்கும், பழுப்புத்தலைக் குஞ்சுக்குக் கண்ணும் கருமையாகவே இருக்கும். ஒரு பிப்ரவரிக் காலையில் அணையில் எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. இரண்டு பேர் பரிசலில் குந்தி வலையிலிருந்து மீனை எடுத்துக்கொண்டிருந்தார்கள். விரலளவு பொடிமீனைத் தண்ணீரில் வீசினார் ஒருவர். எங்கிருந்தோ வந்த அந்தப் பறவை பரிசலுக்கு இருபதடி தள்ளி இறங்கி மிதந்தது. அடுத்த மீன் விழுந்ததும் எழும்பாமலே நீந்திப் போய் எடுத்தது. மூன்றாவது மீனுக்கு ஒரு கரும்பருந்து பாய, இது இறக்கையை விரித்து எழுந்தது. வால் பட்டை தெரிந்தது, இறக்கை நுனி முழுக்கக் கறுப்பு தெரிந்தது, வெள்ளைப் பொட்டு பெயருக்குத்தான் இருந்தது. பழுப்புத்தலைக் குஞ்சு என்று நோட்டில் எழுதும்போது கை குளிரில் விறைத்திருந்தது. வலைக்காரர் "அது நேத்தும் வந்துச்சுங்க, தனியாத்தான் வருது" என்றார். முந்தின நாள் நான் இரண்டு மணி நேரம் இருந்தும் அதைப் பார்க்கவில்லை. ஆற்றில் தினம் இருப்பவரிடம் பேசுங்கள் என்று எல்லாரிடமும் நான் சொல்வது அதிலிருந்துதான்.

பல்லாஸ் கடற்காகம்னு ஒண்ணு இருக்காமே, அது இங்க வருமா?

பெருங்கருந்தலைக் கடற்காகம் என்பது அதுதான். குளிர்காலத்தில் கடலோரம் மட்டுமல்லாமல் பெரிய உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் போகும் பறவை. ஆகவே கண்ணைத் திறந்து வைத்திருப்பதில் தப்பில்லை, நான் இங்கே இதுவரை பார்த்ததில்லை. பார்த்தால் சந்தேகமே வராது. கரும்பருந்தைவிடப் பெரியது, இறக்கை விரிப்பு ஒன்றரை மீட்டருக்கு மேல். மஞ்சள் அலகின் நுனிப் பக்கம் கறுப்பும் சிவப்பும் இருக்கும். பக்கத்தில் பருந்து பறந்தால் அளவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் பறக்கும் பறவையின் அளவைக் கண்ணால் சொல்வது ஏமாற்றும்.

நாள் முழுக்க நின்னும் ஒரு கடற்காகமும் வரலையே, நாள் வீண்தானே?

இல்லை. வராததும் ஒரு பதிவு. நான்கு மணி நேரம் பார்த்தேன், கடற்காகம் இல்லை என்று தேதியோடு எழுதி வைத்தால்தான், அடுத்த வருடம் ஒன்று வரும்போது அது அபூர்வமா இல்லையா என்று சொல்ல முடியும். பார்த்த நாளை மட்டும் எழுதினால் தினம் வந்தது போல் ஒரு பொய்க்கணக்கு உருவாகும்.

அதோடு, கடற்காகத்தைத் தேடி மட்டும் வந்தவர்கள் தவறவிடுவதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கும். கூழைக்கடா நாலைந்து சேர்ந்து வளைத்து மீனை ஒதுக்குவது, விரால் அடிப்பான் என்ற மீன்பிடிப் பருந்து காலை முன்னால் நீட்டித் தண்ணீரில் விழுவது, ஊசிவால் வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலை மேலே நிறுத்துவது. இலைக்கோழி மிதக்கும் இலை மேல் விரலைப் பரப்பி நடப்பதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வழக்கமான பறவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ணுகிறவர் கண்ணில்தான் வழக்கமில்லாத ஒன்று உறுத்தும்.

அணையில தண்ணி நிறைய இருந்தா பறவையும் நிறைய இருக்கும்ல?

பெரும்பாலும் தலைகீழ். கே.ஆர்.பி. அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. அது நிரம்பி நிற்கும்போது கரையில் சேறே இருக்காது, புல்லும் கருவேலமும் தண்ணீரில் நிற்கும். நீர்க்காகம், கூழைக்கடா, முக்குளிப்பான் மாதிரி முங்குகிறவையும் மிதக்கிறவையும் இருக்கும். நெடுங்கால் உள்ளானும் மற்ற உள்ளான்களும் நிற்க இடமிருக்காது. மட்டம் இறங்க இறங்க ஈரச் சேறு வெளியே வரும், அதில்தான் புழுவும் பூச்சியும் நத்தையும். தினசரிகளில் வரும் அணை நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, மூன்று நான்கு வாரமாக மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்புங்கள். ஒரேயடியாக இறங்கினால் சேறு காய்ந்து வெடித்துவிடும், அதுவும் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சேறு வண்டல். மேலே காய்ந்தது போல் தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். ஒரு தடவை நான் அதில் சிக்கி, கிடந்த பனைமட்டையைப் பிடித்துத்தான் வெளியே வந்தேன். மாட்டுத் தடம் போகிற இடத்தைத் தாண்டி இறங்காதீர்கள், தனியாக இருந்தால் இறங்கவே வேண்டாம்.

ஓசூர் பக்கம் ஆத்துல நுரை நுரையா போகுதே, அந்தத் தண்ணி பறவைக்கு ஆகுமா?

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் ஓரத்துக் கழிவுநீரையும் ஆலைக் கழிவையும் வாங்கிக்கொண்டு நம் மாநிலத்துக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது நுரை மலை போல் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கரையிலும் நெடுங்கால் உள்ளான் கூட்டமாக நிற்கும். அதை வைத்துத் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. கழிவு சேர்ந்த நீரில் சில பூச்சிகள் பெருகும், அதைத் தின்ன வருகிறது, அவ்வளவுதான்.

பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வெயிலில் சூடேறி, பிராணவாயு குறைந்த தேங்கிய நீரில் போட்டுலிசம் என்ற நச்சு நோய் கிளம்பலாம். பாக்டீரியா உண்டாக்கும் நச்சு அது. பறவைக்கு இறக்கை செயலிழக்கும், பிறகு கழுத்து தொங்கிவிடும். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 18,000க்கும் மேற்பட்ட பறவைகள் இதில் செத்தன. ஒரே கரையில் நாலைந்து பறவை கழுத்து தொங்கியபடி கிடந்தால், கையால் தொடாமல் உடனே வனத்துறைக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் சொல்லுங்கள். செத்ததை அப்படியே விட்டால் அதில் வளரும் புழுவைத் தின்னும் பறவைக்கும் நச்சு போகும். சீக்கிரம் அகற்றுவதுதான் வழி.

ஒகேனக்கல் போனா இன்னும் நல்லா பார்க்கலாமா?

வேறு மாதிரி பார்க்கலாம். அங்கே காவிரி பாறைக்குள் ஓடுகிறது. கடற்காகத்தைத் தேடி அங்கே போக வேண்டாம். ஓடும் தண்ணீர், பாறை, கரையோர மரம் ஆகியவற்றை நம்பி வாழும் பறவைகளுக்குப் போங்கள். நீர்நாய் தலை தூக்கிப் பார்க்கும் காலைப்பொழுது கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். கர்நாடக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், அதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பென்னாகரத்திலிருந்து போகும் காட்டுச் சாலையில் யானை கடக்கும், நடுவில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள்.

தர்மபுரி மாவட்டத்தில் அகன்ற நீர்ப்பரப்புதான் வேண்டும் என்றால் நாகமரைப் பக்கம் மேட்டூர் அணையின் பின்நீருக்குப் போங்கள். பண்ணவாடிக்குப் படகு போகும் துறை அது. பெரிய நீர்ப்பரப்பில் ஆலாவுக்கும் கடற்காகத்துக்கும் கண்ணை ஓட்ட நல்ல இடம்.

பொண்ணுங்க தனியா போகலாமாண்ணா?

இரண்டு பேராவது சேர்ந்து போங்கள் என்றுதான் என் தங்கையிடமும் சொல்வேன். பறவையால் பயமில்லை, ஆளரவமற்ற கரையால்தான். அணைப் பூங்கா ஓரமும் பாரூர் ஏரிக்கரையும் காலையில் ஆள் நடமாட்டம் உள்ள இடங்கள். கழிப்பறை வசதி ஆற்றோரத்தில் எதிர்பார்க்க முடியாது, காவேரிப்பட்டணத்தில் சாப்பிட நிறுத்தும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

பசங்களைக் கூட்டிட்டு வந்தா சத்தம் போடுவாங்களே?

போடுவார்கள், பரவாயில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பறவை என்று ஒப்படைத்துவிடுங்கள். நீ நாமக்கோழி, நீ முக்குளிப்பான். முக்குளிப்பான் முங்கினால் எத்தனை எண்ணுவதற்குள் வெளியே வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று பார்க்கச் சொன்னால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது.

கூட்டமா நிக்கும்போது எப்படித்தான் எண்ணுறீங்க? சும்மா ஒரு நம்பர் போடுறதுதானே?

சும்மா போடுவதில்லை. கூட்டத்தின் ஒரு ஓரத்தில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவை முழுக் கூட்டத்தின் மேலும் பத்து, இருபது, முப்பது என்று நகர்த்திக்கொண்டே போங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிப் பிறகு ஒப்பிட்டால் இன்னும் நல்லது. நடுவில் கூட்டமும் ஓரத்தில் தளர்வும் இருக்கும், அதைக் கவனிக்காவிட்டால் எண் குறைந்துவிடும்.

1987இலிருந்து ஜனவரி தோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நம் நாட்டிலும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2015இலிருந்து பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. கோலம் போட்ட வாசலில் நின்றுகூட அதில் சேரலாம்.

போட்டோ இல்லாம அபூர்வப் பறவை பார்த்தேன்னா நம்புவாங்களா?

நல்ல குறிப்பு இருந்தால் நம்புவார்கள். நான் முதலில் கேட்ட நோட்டும் பென்சிலும் இதற்குத்தான். பறவை கண்ணில் இருக்கும்போதே எழுதுங்கள்: அலகின் நிறம், கால், இறக்கை நுனி, வால், பக்கத்தில் நின்ற பறவையோடு ஒப்பிட்டால் அளவு, என்ன செய்துகொண்டிருந்தது, வெயில் எந்தப் பக்கம். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்த்த பிறகு எழுதினால், படத்தில் உள்ளதை நாம் பார்த்ததாக மனசு நம்பிவிடும். நமக்கு நாமே செய்யும் ஏமாற்று அது. கைப்பேசியை பைனாகுலரின் கண்ணாடியில் வைத்து எடுத்த மங்கலான படம்கூட இறக்கை நுனியைக் காட்டினால் போதும்.

நிச்சயமில்லை என்றால் "கடற்காகம், எந்த வகை என்று தெரியவில்லை" என்று பதியுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. என் நோட்டில் அப்படி நிறையப் பக்கம் இருக்கிறது.

புயலுக்கு அப்புறம் கடல் பறவை உள்ளே வரும்ங்கிறாங்களே, உண்மையா?

உண்மைதான். புயல் காற்றில் அகப்பட்ட கடல் ஆலாக்களும் வேறு சில கடற்பறவைகளும் கடலிலிருந்து வெகுதூரத்தில் சோர்ந்து விழுந்து கிடைத்திருக்கின்றன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்தபோது நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நேரத்தில் முதலில் மனிதர்களைக் கவனியுங்கள், ஆற்றோரம் போகவே கூடாது. மழை ஓய்ந்து, ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு ஏரிகளைப் பாருங்கள்.

சோர்ந்து கிடக்கும் பறவை கிடைத்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடுங்கள். இருட்டும் அமைதியும்தான் அதற்கு முதல் மருந்து. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறு, பால் எதுவும் வேண்டாம். வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

காட்டு வாத்தைப் பிடிச்சுச் சாப்பிடுறது இங்க பழக்கம்தானே, அது தப்பா?

1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீர்க்கோழி, கொக்கு, மடையான் எல்லாவற்றுக்கும் பொருந்தும். யாராவது கூவி விற்றால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அணையில் கிடைக்கும் மீன் வறுவல் போதாதா!

ஆத்துத் திட்டுல ஆலா முட்டை பார்த்தேன், இடத்தைச் சொன்னா எல்லாரும் வந்து படம் எடுப்பாங்க. சொல்லலாமா?

சொல்லாதீர்கள். மேலே கோடைக்குத் தனி எச்சரிக்கை என்றேனே, அது இதற்குத்தான். ஆற்று ஆலா பிப்ரவரியிலிருந்து மே வரை, தண்ணீர் வற்றி வெளியே வரும் மணல் திட்டிலும் பாறைத் திட்டிலும் வெறும் தரையில் இரண்டு மூன்று முட்டையிடும். கூடு என்று ஒன்றும் கட்டாது, ஒரு சின்னப் பள்ளம்தான். முட்டை கூழாங்கல் நிறத்தில் இருக்கும், கால் வைக்கும்வரை தெரியாது. உலக அளவில் அழிவுக்கு இலக்காகக்கூடிய பறவைகளின் பட்டியலில் இது இருக்கிறது. திட்டு கரையோடு சேர்ந்துவிட்டால் நாயும் நரியும் வரும், மேலே அணையில் திடீரென்று தண்ணீர் திறந்தால் முட்டை அடித்துக்கொண்டு போகும். இத்தனைக்கும் நடுவில் நாமும் போய் நிற்க வேண்டாம்.

நாம் கிட்டப் போனதும் ஆலா தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாயும். அது பாய்கிற நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கிறது. ஏப்ரல் மத்தியானத்துத் தென்பெண்ணை மணலில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். உள்ளே இருக்கும் குஞ்சுக்கு அது சில நிமிடத்துக்கே தாங்காது. தெரியாமல் அருகே போய்விட்டீர்கள் என்றால் வந்த வழியிலேயே, கால் வைத்த தடத்திலேயே திரும்புங்கள். தூரக் கரையில் உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். தாய் வந்து அடைகாக்க உட்காருவதற்கு முன் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வரும். அந்த ஈரத்தில் முட்டையைக் குளிரவைக்கும். அக்கரையிலிருந்து பார்த்தாலும் அது நன்றாகத் தெரியும்.